கண்ணில் பட்ட உமி

"இதுக்கு ரெண்டு வழி இருக்கு," என்றார் கண் டொக்டர். "ரெண்டு கண்ணிலயும் உள்தசையத் தளர்த்தலாம். இல்லாட்டி, ஒரே கண்ணில உள்தசையத் தளர்த்தி வெளித்தசைய இறுக்கலாம். இவவுக்கு ரெண்டும் சரிவரும்."

மூக்குப் பக்கம் ஒதுங்கிய விழியோடு நஸீமா வாப்பாவைப் பார்த்தாள்.

"அப்ப ஒரு கண் போதும் டொக்டர்," என்றார் உதுமாலெவ்வை. காரணத்தைச் சொல்லவில்லை.

அடுத்த மாதம் நிக்காஹ். சவூதியில் இருக்கும் மாப்பிள்ளைக்கு அனுப்பிய போட்டோவில் நஸீமா பக்கவாட்டில் திரும்பி நின்றாள். மாப்பிள்ளை அனுப்பிய போட்டோவில் அவர் கூலிங் கிளாஸ் போட்டுக் காரில் சாய்ந்து நின்றார். அந்த எடுப்பில் வீடே மயங்கிப் போயிருந்தது.

ஒப்பரேஷன் முடிந்து ஒரு கண்ணில் கட்டோடு வீடு வந்த மகளுக்கு உதுமாலெவ்வை பாடம் சொல்லிக் கொடுத்தார்.

"ஆரும் கேட்டா, நெல்லுப் புடைக்கக்குள்ள உமி பட்டுட்டு எண்டு சொல்லு. ரெண்டு கண்ணிலயும் கட்டிருந்தா ஆரு நம்புவாங்க?"

மறுநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு, சொல்லாமல் கொள்ளாமல் மாப்பிள்ளை வந்து நின்றார். கொழும்பில் ஏதோ அலுவலாக நான்கு நாள் தங்கிவிட்டு வந்தாராம். ஸலாம் சொல்லிக் கூலிங் கிளாஸைக் கழற்றினார். ஒரு கண்ணில் வெள்ளைக் கட்டு.

"சவூதியில மணல் பட்டுட்டு மாமா."

உதுமாலெவ்வை கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டு உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தினார்.

"வெளித்தசையயும் இறுக்கினாங்களா மகன்?"