குளத்துப் பூதமும் ஒரே குளியலறையும்

"லைட்டை அணைச்சிடுங்கண்ணே. இது இருட்டுல பார்க்க வேண்டிய படம்" என்றான் சுரேஷ்குமார்.

ஷார்ஜா தொழில்பேட்டையில் தொழிலாளர் கேம்ப் ஒன்றின் அறை. ஆறு இரும்புக் கட்டில்கள், ஆறு ஆட்கள், ஒரே ஒரு குளியலறை. யார் முதலில் வேலைக்குச் சேர்ந்தாரோ அவர் முதலில் குளிப்பார். போன மாதம் வந்த சுரேஷ் கடைசி. அதனாலேயே இந்த வாரம் இரண்டு முறை கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்டான்.

"இன்னொரு தடவை விட்டே, பாலைவனத்து பம்ப் ஹவுஸுக்கு அனுப்பிடுவேன். ஒத்தையா உட்கார்ந்து மணலைப் பார்த்துக்கிட்டிரு" என்று போர்மேன் யூசுப் பாய் எச்சரித்திருந்தார். அங்கே பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது. போனில் சிக்னலும் வராது.

சுரேஷ் எதையும் திட்டம் போட்டுச் செய்பவன். போட்ட திட்டம் சரிதானா என்று பிறகு குழம்புகிறவனும்கூட. மாலை நேர ஆங்கில வகுப்பிலிருந்து திரும்பும் வழியெல்லாம் யோசித்து வந்திருந்தான். நாளைக் காலை குளியலறைப் பக்கம் ஒருத்தரும் வரக்கூடாது. அதற்குத்தான் இந்தப் படம்.

லேப்டாப்பில் செம்மண் பொட்டல் விரிந்தது. ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதி, கண்ணுக்கு எட்டிய தூரம் ஒரு வீடு இல்லை. நடுவில் கறுப்பாக ஒரு குளம்.

"அந்த ஊர் ஆதிக்குடி ஜனங்க காலங்காலமா சொல்ற கதைண்ணே. தண்ணிக்குள்ள ஒண்ணு இருக்கு."

படத்தில் ஆதிக்குடிப் பெண் ஒருத்தி குளத்தைக் காட்டி ஏதோ சொன்னாள்.

"என்னடா சொல்றா?" என்றார் வேலுச்சாமி. அறையில் அவர்தான் மூத்தவர்.

"விடியறதுக்கு முன்னாடி தனியா குளிக்கப் போனா காலைப் பிடிச்சு இழுத்துடுமாம். குளமா, தொட்டியா, பக்கெட்டான்னு எல்லாம் பார்க்காதாம். சோப்பு வாசனை வந்தா போதுமாம்."

"அவ மூணு வார்த்தைதானடா பேசினா?"

"இங்கிலீஷ் சுருக்கமான பாஷைண்ணே."

குளத்திலிருந்து பூதம் எழுந்தது. பக்கத்துக் கட்டில் பாண்டித்துரை அலறிக்கொண்டு போர்வைக்குள் புகுந்தான்.

"ஆத்தாடி! நம்ம பாத்ரூம் பைப்புலயும் இதே உறுமல்தாண்ணே கேட்குது!"

"நானும் கேட்டிருக்கேன்டா" என்று வேலுச்சாமி நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு பிரஷர் வேற. நாளைக்குக் குளியல் கலாஸ்!"

"நான் சென்ட் அடிச்சுக்கிட்டு வந்துடுவேன்" என்றது போர்வைக்குள்ளிருந்து பாண்டித்துரையின் குரல்.

கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டோமோ என்று சுரேஷுக்குச் சந்தேகம் வந்தது.

"தம்பி, உனக்குத்தான் தைரியம்" என்றார் வேலுச்சாமி. "முதல்ல நீ போயிட்டு வா. உனக்கு ஒண்ணும் ஆகலேன்னா நாங்க வர்றோம்."

சிரிப்பை அடக்க சுரேஷ் தலையணையில் முகத்தைப் புதைத்தான்.

அதிகாலையில் அலாரம் அடித்தபோது மற்ற ஐந்து கட்டில்களிலும் அசைவே இல்லை. கதவைத் தட்டி "யல்லா, யல்லா" என்று விரட்ட ஆளில்லாமல், கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிதானமாகக் குளித்தான். தலைக்கும் ஊற்றிக்கொண்டான். முதல் ஆளாக கேட்டுக்குப் போய் நின்றான்.

பஸ் நிற்கும் இடத்தில் ஒரு பிக்கப் நின்றது. யூசுப் பாய் இறங்கி வந்து அவன் தோளில் தட்டினார்.

"மாஷா அல்லாஹ்! இன்னைக்கு நீதான் ஃபர்ஸ்ட். ஏறு வண்டியில."

"பஸ் வரலையா பாய்?"

"உனக்கெதுக்கு பஸ்? பம்ப் ஹவுஸ் ஆள் ஊருக்குப் போறான். காலையில முதல்ல கேட்டுக்கு வர்றவன்தான் ஒரு மாசம் அங்கே டியூட்டின்னு நேத்து சாயங்காலமே உங்க ரூமுக்கு வந்து சொன்னேனே. நீ கிளாஸுக்குப் போயிருந்தியோ?"

சுரேஷ் திரும்பி அறையைப் பார்த்தான். ஜன்னலில் விளக்கு எரிந்தது. இரவே யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு போர்வைக்குள் படுத்திருந்த ஐந்து பேரும் பல்லெல்லாம் தெரிய டாட்டா காட்டிக்கொண்டிருந்தார்கள்.