சிவப்புக்கு மேல் ஒரு பொட்டு

"பேட்டரிக்கு முள்ளு வைக்கவா, நம்பர் வைக்கவா, லைட்டு வைக்கவா?" என்று கேட்டார் மெக்கானிக் இருதயராஜ்.

"முள்ளே வைங்கண்ணே. எவ்வளவு சார்ஜ் மிச்சம் இருக்குன்னு பார்த்ததும் தெரியணும்," என்றாள் வாடகைக் கார் ஓட்டும் மரகதம்.

"உனக்கு?"

ஓட்டுபவரின் களைப்பைக் காட்டும் கருவியும் இப்போது கட்டாயம்.

"எனக்கு லைட்டு போதும். சின்னதா."

சின்ன விளக்கை ஒரு ஸ்டிக்கர் பொட்டு மறைத்துவிடும். ஓட்டுபவர் களைத்தால் எரியும் சிவப்பைக் கண்டால் பயணிகள் பாதி வழியிலேயே இறங்கிவிடுகிறார்கள்.

அன்று மாலை தாம்பரம் தாண்டியதும் பேட்டரி முள் சரிந்தது. பின்சீட்டில் இருந்த அம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"பாவம், வண்டி ஓய்ஞ்சு போச்சு. எங்கயாவது நிறுத்தி சார்ஜ் போடும்மா. எனக்கு அவசரமில்ல."

"சரிங்கம்மா."

மரகதம் எரிகிற கண்களைக் கசக்கிக்கொண்டு வண்டியை ஓரங்கட்டினாள். விளக்கில் ஒட்டியிருந்த பொட்டின் விளிம்பைச் சுற்றிச் சிவப்பு கசிந்துகொண்டிருந்தது. பையைத் துழாவினாள். பொட்டு அட்டை காலி.

அம்மாள் மறுபடி எட்டிப் பார்ப்பதற்குள், தன் நெற்றியில் இருந்த பொட்டை உரித்து அதன் மேல் ஒட்டினாள்.