வாட்ச்மேன் சொன்னார்

மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒரு மாதமாக ஈ காக்கா இல்லை. முதலாளி போர்டை மாற்றினார். பேப்பருக்குள் நோட்டீஸ் வைத்துப் பார்த்தார். ஒன்றும் வேலைக்கு ஆகவில்லை. கடைசியில் விளம்பர ஆலோசகரை வரவழைத்தார்.

“முன்னாடி வந்தவங்க எப்படி சார் வந்தாங்க?”

“ஆர்டர் நோட்டுல பசங்க கேட்டு எழுதுவாங்க. நான் எங்க அதைப் படிச்சேன்!”

ஆலோசகர் புரட்டினார். பக்கத்துக்குப் பக்கம் ஒரே பதில்: ‘கண் ஆஸ்பத்திரி வாட்ச்மேன் சொன்னார்.’

“இதைவிட என்ன சார் விளம்பரம் வேணும்? முதல்ல அவரைப் போய்ப் பாருங்க. ஏதாவது செய்யுங்க.”

மறுநாள் காலை, புதுச் சட்டை ஒன்றை வாங்கிக்கொண்டு முதலாளி ஆஸ்பத்திரிக்குப் போனார். கேட்டில் இன்னொரு ஷிப்ட் வாட்ச்மேன் இருந்தார். “இங்க வர்றவங்களுக்குக் கண்ணாடிக் கடை சொல்ற வாட்ச்மேன் நீங்களா?” என்று முதலாளி கேட்டார்.

“அவரா? தவறிப்போய் ஒரு மாசமாச்சுங்களே!”

“அடடா... எங்க கண்ணாடிக் கடைக்கு நிறைய பேரை அனுப்பியிருக்கார்.”

வாட்ச்மேன் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“அப்ப அந்தத் தம்பி நீங்கதானா? ‘அது என் தம்பி கடை, நான் அனுப்புறேன்னு தெரிஞ்சா அவனுக்குப் பிடிக்காது’ன்னு என்கிட்ட மட்டும் சொன்னார். முடியாமப் படுத்தப்போ, உங்களுக்குச் சொல்லி அனுப்பட்டுமான்னு கேட்டேன். ‘வேணாம்ப்பா, கடையைப் பூட்டிட்டு ஓடி வருவான், வியாபாரம் கெட்டுடும்’னுட்டார்.”

முதலாளி கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

அவருக்கு இருந்தது ஒரே ஒரு அண்ணன். வியாபாரம் பண்ணத் துப்பில்லை என்று எட்டு வருஷத்துக்கு முன்னால் அவரே கடையை விட்டு விரட்டிய அண்ணன்.