பேச்சுக்கு வந்த கட்டி

"நான் பேசலன்னா நம்ம வீட்ல யாரு பேசுவா? நீங்களா, இல்ல உங்க ஸ்க்ரூடிரைவரா?"

எலக்ட்ரீஷியன் கையிலிருந்த டோக்கனைப் பார்த்துக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து மனைவியோடு நடந்த எந்த வாக்குவாதத்திலும் அவர் ஜெயித்ததில்லை. டிராகூட ஆனதில்லை. டாக்டரம்மாவின் அறை வாசலில் உட்கார்ந்துகொண்டு புதிதாக ஒன்றைத் தோற்பானேன்?

அவள் பேச்சு அப்படி. ஆரம்பித்தால் அடுப்பில் பால் தானாகப் பொங்கி, தானாக அடங்கி, தானாகத் தயிராகிவிடும். இவர்கள் சண்டை போட்டால் எதிர்வீட்டுக்காரர் டிவியை அணைத்துவிட்டு ஜன்னலோரம் நாற்காலி போட்டுக்கொள்வார். அவளுக்கு வேலை நூலகத்தில். 'அமைதி காக்கவும்' என்ற பலகைக்கு நேர் கீழே உட்கார்ந்து பக்கத்து மேசைத் தோழியோடு நாள் முழுக்க அரட்டையடிப்பாள். இன்றுவரை ஒரு வாசகர் புகார் கொடுத்ததில்லை!

வீட்டில் அவளை அடக்க ஒரே வழி படுக்கையறை விளக்கை அணைப்பதுதான். இருட்டில் மட்டும் பேசமாட்டாள். சுவிட்சுப் பக்கம் யார் படுப்பது என்பதில்தான் அந்தத் தம்பதிக்குத் தீராத பகை.

அப்பேர்ப்பட்டவளுக்குத்தான் கட்டி வந்திருந்தது. முதலில் பட்டாணி அளவு இருந்தது, பிறகு கோலிக்குண்டு அளவானது. எலக்ட்ரீஷியன் கவலையோடு ஊரெல்லாம் சொல்லி முடித்தபோது அது பூசணிக்காய் அளவுக்கு வந்துவிட்டது.

உள்ளே போனதும் டாக்டரம்மா கட்டியின் மேல் லேசாகத் தட்டினார். அவள் துள்ளி விழுந்தாள்.

"சுரீர்னு நுனி வரைக்கும் ஓடுதாம் டாக்டர். பேசப் பேச இன்னும் ஜாஸ்தியாகுதாம்" என்றார் எலக்ட்ரீஷியன்.

"உங்க தொழில்லயே சொல்றேன் சார். நரம்பை ஒரு வயர்னு வெச்சுக்குங்க. உள்ள மெல்லிசா ஏகப்பட்ட இழை, சுத்தி ஒரு உறை. அந்த உறையிலதான் கட்டி வளந்திருக்கு. அது நரம்பை அழுத்துது. அதான் ஷாக்."

"அப்போ இது... புற்றுநோயா?"

"இந்த வகைக் கட்டி பெரும்பாலும் அப்படி இருக்காது. மெதுவா வளரும், வேற எடத்துக்குப் பரவாது. எடுத்ததும் பரிசோதனைக்கு அனுப்பி உறுதிப்படுத்திக்கலாம்."

டாக்டரம்மா பேசும்போதெல்லாம் அவள் கணவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். உலகமே கூடி ஒன்றைச் சொன்னாலும், அதை இவர் ஒரு தடவை சொன்னால்தான் அவளுக்கு ஏறும். இவரும் சொன்னார்.

"அதெல்லாம் இருக்கட்டும். என் பேச்சு என்னாகும்னு கேளுங்க" என்றாள்.

கேட்டார்.

"பட்டாணித் தோலை உரிச்சு பட்டாணியை எடுக்கற மாதிரி, நரம்போட இழைகளை ஒதுக்கிட்டு கட்டியை மட்டும் எடுக்கப் பாப்போம். கொஞ்ச நாள் பேச்சு தடுமாறலாம். அபூர்வமா சில பேருக்கு அந்தத் தடுமாற்றம் அப்படியே நின்னுடும். பொய் சொல்லமாட்டேன். அதுக்காக எடுக்காம விட்டாலும், அழுத்தி அழுத்தி பேச்சைக் கெடுத்துடும்."

அவள் கைகளை மடியில் போட்டுக்கொண்டு அசையாமல் உட்கார்ந்துவிட்டாள். அவள் அப்படி இருந்து எலக்ட்ரீஷியன் பார்த்ததேயில்லை.

"சரி, எடுக்கச் சொல்லுங்க. அதுக்கு முன்னாடி உங்களைத் திட்டவேண்டிய பாக்கியெல்லாம் திட்டித் தீத்துடறேன்."

சொன்ன சொல் தவறவில்லை. அன்று வீட்டுக்கு வந்ததும் தொடங்கினாள். பெண் பார்க்க வந்தபோது அவர் டம்ளரைக் கவிழ்த்தது, தேனிலவுக்கு ரயிலைத் தவறவிட்டது, ஊரார் வீட்டு மின்விசிறியெல்லாம் சுற்ற, சொந்த வீட்டு மின்விசிறி மட்டும் முனகுவது... எதிர்வீட்டுக்காரர் சாப்பாட்டையே ஜன்னலுக்கு வரவழைத்துவிட்டார்.

"போதும்டி, வலிக்கப்போவுது."

"வலிச்சா எனக்குத்தானே? நீங்க குறுக்க பேசாதீங்க."

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. கட்டி முழுசாக வந்துவிட்டது. பரிசோதனையிலும் ஆபத்தில்லாதது என்றே தெரிந்தது. ஆனால் கட்டுப் பிரிக்கும்வரை பேசக்கூடாது என்று டாக்டரம்மா உத்தரவு போட்டுவிட்டார். அரைகுறையாகப் பேசுவதற்குப் பேசாமலே இருக்கலாம் என்று அவளும் முடிவெடுத்தாள்.

முதல் நாள் எலக்ட்ரீஷியன் விடுமுறை கிடைத்த பள்ளிக்கூடப் பையனாக விசிலடித்தார். மறுநாள் விசில் நின்றது. அதற்கும் அடுத்த நாள், ஈரத் துண்டை வேண்டுமென்றே கட்டிலில் போட்டுவிட்டு ஆசையாகக் காத்திருந்தார். அவள் ஒரு முறை முறைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவரே துண்டை எடுத்துக் கொடியில் போட்டார்.

எதிர்வீட்டுக்காரரே வாசலுக்கு வந்துவிட்டார். "என்ன சார், நிகழ்ச்சியே இல்ல? ஒண்ணும் பிரச்சனையில்லையே?"

"நாளைக்கித் தெரியும் சார்" என்றார். மறுபடி அவள் பேசினால் ஆயுளுக்கும் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்வதில்லை, சுவிட்சுப் பக்கத்தையும் விட்டுக்கொடுப்பது என்று மனதுக்குள் எழுதிக் கையெழுத்தே போட்டுவிட்டார்.

மறுநாள் நர்ஸ் கட்டைப் பிரித்தாள். டாக்டரம்மா தையலைப் பார்த்துத் தலையசைத்தார்.

"எங்க, ஏதாவது பேசச் சொல்லுங்க சார்."

எலக்ட்ரீஷியன் மூச்சைப் பிடித்துக்கொண்டு மனைவியிடம் சொன்னார்.

அவள் தையல் போட்டிருந்த வலது கையை மெல்லத் தூக்கினாள். கட்டைவிரல் நடுங்கியது. ஆள்காட்டி விரல் தயங்கித் தயங்கி நிமிர்ந்தது. பிறகு இடது கையும் சேர்ந்துகொள்ள, பத்து விரல்களும் காற்றைக் கிழித்துக்கொண்டு பறந்தன: "சட்டையைத் திருப்பிப் போட்டுக்கிட்டு வந்திருக்கீங்களே, வெக்கமா இல்ல?"

பிறவியிலேயே காது கேளாத மனைவி தன்னைத் திட்டுவதை, ஒரு சொல்லும் தவறவிடாமல் கண்குளிரப் பார்த்துக்கொண்டிருந்தார் எலக்ட்ரீஷியன்.