நாலில் தொடங்கினால் நம்ம தப்பு

மாரிச்செல்வம் பயிர்க் காப்பீட்டுத் தளத்தை நாற்பதாவது தடவையாகத் திறக்கப் பார்த்தான். 503 என்று வந்தது.

"பாத்தீகளாக்கா, அஞ்சுல ஆரம்பிக்கி. தப்பு அவுக பக்கம்."

திருச்சுழியில் அவன் நடத்தும் கம்ப்யூட்டர் சென்டரின் சுவரில், சிவப்பு மையில் அவனே எழுதி ஒட்டிய தாள் அப்படித்தான் சொன்னது. பிழை எண் நாலில் தொடங்கினால் தப்பு நம்ம பக்கம். ஐந்தில் தொடங்கினால் சர்வர் பக்கம்.

தாலுகாவிலேயே இந்த ஞானம் தனக்கு மட்டும்தான் என்று அவனுக்கு ஒரு மிதப்பு. வீட்டில் அப்பாவையே மனப்பாடம் செய்ய வைத்திருந்தான்.

பயிரைப் பதியப் பரளச்சி கிராமத்திலிருந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த கனகலட்சுமிக்கு அந்த ஞானத்தால் ஒரு பிரயோசனமும் இல்லை. போன வருசம் பதியாமல் விட்டாள், மழை பொய்த்து மக்காச்சோளம் மொத்தமும் கருகிப்போனது. இந்த வருசப் பதிவு இன்று ஐந்து மணியோடு முடிகிறது. இப்போதே மணி நாலரை.

எவனோ கூறுகெட்ட பய விடாமல் அமுக்கித் தொலைக்கிறான், அதனால்தான் சர்வர் திணறுகிறது என்று மாரிச்செல்வம் திட்டினான். திட்டிக்கொண்டே நாலு கம்ப்யூட்டரிலும் மாறி மாறி அமுக்கினான்.

எண் மாறியது. 429.

நாலில் தொடங்குகிறது, ஆனால் என்ன தப்பு என்று சுவரில் இல்லை. போனில் தேடினான். ஒரே இடத்திலிருந்து அளவுக்கு மீறிக் கேட்கிறீர்கள், சற்றுப் பொறுங்கள் என்று அர்த்தமாம்.

அந்தக் கூறுகெட்ட பய யாரென்று தெரிந்துவிட்டது.

கனகலட்சுமி திரையைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

மூன்று கம்ப்யூட்டர்களை அணைத்துவிட்டு, பத்து நிமிஷம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். அவள் குலசாமியைக் கூப்பிட்டபடி இருந்தாள். பிறகு ஒரே ஒரு தடவை அமுக்கினான். திறந்தது.

நாலு ஐம்பத்தெட்டுக்கு ரசீது வந்தது. நல்லா இருப்பே தம்பி என்று வாழ்த்திவிட்டு அவள் பஸ்ஸுக்கு ஓடினாள்.

அப்பாடா என்று கீபோர்டைத் தள்ளினான். அடியில் ஒரு விண்ணப்பம் கிடந்தது. அப்பாவின் மூன்று ஏக்கர் பருத்தி. நம்ம கடை, நம்ம கம்ப்யூட்டர், எப்ப வேணாலும் போட்டுக்கிடலாம் என்று பதினைந்து நாளாக அங்கேயே கிடந்தது.

பதறியடித்து அமுக்கினான். மணி ஐந்து தாண்டி ஒரு நிமிஷம். பதிவுப் பக்கத்தையே எடுத்துவிட்டார்கள். 404.

போன் அடித்தது. அப்பாதான்.

"அஞ்சுல ஆரம்பிக்குதுப்பா," என்றான், சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.