தார்ப்பாய்க்குப் பின்னால்

"மைனி, நாளைக்கு அம்மைய அந்த வண்டியில ஏத்தாண்டாம்."

அறை வாசலிலேயே நின்று சொன்னான் ஸ்டெனி.

கட்டிலில் படுத்திருந்த அண்ணி பிரிஜா தலையைத் திருப்பவில்லை. அவள் கண்கள்மேல் ஈரத் துண்டு கிடந்தது. சாயங்காலம் தொடங்கிய எரிச்சல். "மெட்ராஸ் ஐ தான், எல்லாரும் எட்ட நில்லுங்க" என்று தீர்ப்பு சொல்லிவிட்டு, மாமியார் நேசம்மாள் மூத்த மகன் ஆன்ட்ரூசோடு ஜெபக் கூட்டத்துக்குப் போயிருந்தாள்.

"ஏம்லே? மாமி புதுச் சேலை எடுத்து வச்சாச்சு. மகன் செஞ்ச காருல முன்சீட்டுல இருந்து சர்ச்சுக்குப் போறேன்னு அருமனை ஊரு முழுக்கச் சொல்லியும் ஆச்சு."

"அதான் மைனி பயமா இருக்கு."

"கிட்ட வந்து சொல்லு. ஒனக்கு ஒண்ணும் ஒட்டாது."

ஸ்டெனி கட்டில் ஓரம் வந்து நின்றான். ஐ.டி.ஐ.யில் வெல்டர் படிக்கிறவன் அவன். அவன் போட்ட வெல்டிங்கைத் தூக்கிக் காட்டி, "கோழி பேண்ட மாதிரி இருக்குலே" என்று வாத்தியார் வகுப்பையே சிரிக்க வைத்திருந்தார்.

அண்ணன் ஆன்ட்ரூசோ ரப்பர் ஷீட்டு வாங்கி விற்கிறவன். போனில் வீடியோ பார்த்துப் பார்த்தே, பழைய ஆம்னி வேனின் எஞ்சினை வைத்து, வீட்டுக் கொட்டகையில் ஒரு குட்டி ஜீப்பு கட்டிவிட்டான். பைப்பும் பைப்பும் சேருகிற இடமெல்லாம் மீன் செதில் அடுக்கியதுபோல வரிவரியாக வெல்டிங். வந்தவர்கள் எல்லாம் அதைத் தடவிப் பார்த்தார்கள். தடவிவிட்டு ஸ்டெனியைத் திரும்பிப் பார்த்தார்கள். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

"அண்ணன் என்னைய ஒரு நாளாவது உள்ள விட்டானா மைனி? வெல்டிங் மெஷின ஆன் பண்ணினா ஒடனே தார்ப்பாய இழுத்துக் கட்டிருவான். 'கண்ணு போயிரும், வெளிய நில்லு'ன்னு வெரட்டுவான். வெல்டிங் படிக்கவன் நானு! அந்தக் கைவாக்கு எனக்கு வந்திரக் கூடாதுன்னுதானே மறைக்கான்? ஒங்களுக்கு மட்டும் கட்டன்சாயா கொண்டு போக வழி உண்டு."

"சாயா ஆறிப் போவும்லா," என்றாள் பிரிஜா.

"நேத்து அம்மை சொன்னதக் கேட்டியளா? 'படிக்கவனுக்கு ஒரு ஸ்டூலுக்குக் காலு ஒட்டத் தெரியல, படிக்காதவன் காரே செஞ்சுட்டான்'னு. அதும் பக்கத்து வீட்டு இசபெல் அக்கா முன்னாடி வச்சு. எனக்கு வயிறு பத்திக்கிட்டு எரிஞ்சிச்சு."

"செரி, அதுக்கு என்ன செஞ்ச?"

ஸ்டெனி தரையைப் பார்த்தான்.

"காலம்பற அண்ணன் கடைக்குப் போன பொறவு... ஸ்டீரிங்கத் தாங்கி நிக்க பிராக்கெட்டு இருக்குல்லா... அதுக்க வெல்டிங்க அறுத்துட்டேன்."

துண்டு லேசாக அசைந்தது.

"இரும்பு அறுக்க கிரைண்டர்லயா?"

"இல்ல, சத்தம் கேக்கும். ஹேக்சா பிளேடுல, பாதி வரைக்கும். மேல கறுப்புப் பெயிண்டு அடிச்சு மறைச்சிட்டு பந்து வெளையாடப் போயிட்டேன். வீட்டு முத்தத்துல ஓட்டிக் காட்டும்போ எல்லாரு முன்னாடியும் விட்டுப் போவும், அண்ணன் மானம் போவும்னுதான் நெனைச்சேன். நேரா சர்ச்சுக்கு எடுப்பான்னோ, அம்மை ஏறுவான்னோ நெனைக்கல மைனி. சர்ச்சுக்குப் போற எறக்கத்துல கொளம் கெடக்கு..."

ஸ்டெனி அழத் தொடங்கினான். தோள் குலுங்கியது.

"அழாத. சொல்லி முடி."

"திரும்ப ஒட்டிரலாம்னு இப்பம் போனேன். கொட்டகை பூட்டிக் கெடக்கு. அண்ணங்கிட்ட சொன்னா என்னைய வெட்டிப் போட்டுருவான். நீங்க சொன்னா கேப்பான்."

"வேற ஏதும் செஞ்சியா?"

ஸ்டெனி கொட்டகைப் பக்கம் கை காட்டினான்.

"வெல்டிங் ஷீல்ட... அந்தக் கறுப்புக் கண்ணாடிய, ரப்பர் ஷீட்டு அடுக்குக்கு அடியில ஒளிச்சு வச்சிருக்கேன். அண்ணன் அறுத்ததப் பாத்தாலும், அது இல்லாம திரும்ப ஒட்ட முடியாதுல்லா."

பிரிஜா மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். துண்டைக் கையால் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லுங்க மைனி. ரெண்டு உயிரு போயிரும்."

"ஒண்ணும் போவாது. ஈரப் பெயிண்டே காட்டிக் குடுத்துட்டு, அந்த வெல்டிங்கு இன்னைக்கு மத்தியானம் உச்சைக்கே திரும்ப அடிச்சாச்சு. முன்னத்த விட ஒறப்பா இருக்கு."

ஸ்டெனிக்கு உயிர் வந்தது. கூடவே பழைய எரிச்சலும் வந்தது.

"கண்ணாடி இல்லாமலே அடிச்சுட்டானா? அதுலயும் அண்ணன்தான் ஜெயிச்சானா?"

"ஒங்க அண்ணனா?" பிரிஜா சிரித்துவிட்டாள். "அவருக்கு வெல்டிங் ராட எந்தப் பக்கம் பிடிக்கணும்னே தெரியாது. எங்கப்பாவுக்க பட்டறையில கேட்டும் கிரில்லும் ஒட்டி வளந்தவ நானு. மாமிக்குத் தெரிஞ்சா அந்த வண்டியில ஏறவே மாட்டாவ, வாய மூடிக்கோ."

ஸ்டெனியின் வாய் மூடவில்லை.

பிரிஜா துண்டை எடுத்தாள். இரண்டு கண்ணும் மிளகாய்ப் பழமாகச் சிவந்து, நீர் வடிந்துகொண்டிருந்தது.

"அறுத்தது போவட்டும் மக்கா, அந்த ஷீல்ட மட்டும் எடுத்துத் தந்திரு. அது இல்லாம ஒட்டப் போயித்தான் எனக்கு இந்த மெட்ராஸ் ஐ."