காய்ச்சல் கதை

"முதல்ல காய்ச்சல், அப்புறம் நான், அப்புறம் வெளிநாடு. இந்த வரிசை மாறக் கூடாது, புரியுதா?"

ஒப்பனை அறைக் கண்ணாடியில் தலையைச் சீவிக்கொண்டே மனைவிக்குப் பாடம் எடுத்தார் மேனேஜர்.

மேனேஜர் என்றால் எந்தக் கம்பெனிக்கும் அல்ல. பக்கத்து நாற்காலியில் முகத்தை ஒப்பனைக்காரரிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்த மச்சினனுக்கு. இருபது வயது. காது கேட்காது, பேச்சும் வராது. ஆனால் வெறுங்காலைப் பலகையில் ஊன்றி, அதிர்வைப் பாதத்தில் வாங்கி அவன் டிரம்ஸ் வாசிக்கும் வீடியோ ஊரெல்லாம் சுற்றியதில்தான் இந்த டி.வி. பேட்டிக்கு அழைப்பு வந்தது. இன்று ஜனங்கள் உருகிவிட்டால் வெளிநாட்டுச் சுற்றுப்பயணம் நிச்சயம். ஏற்பாட்டாளர் வாக்குக் கொடுத்திருந்தார்.

"அழணும்னா ரெண்டு சொட்டு போதும். குழாயைத் திறந்து விட்டுடாதே."

"சரிங்க" என்றாள் மனைவி.

கதவைத் திறந்து தயாரிப்பாளர் தலையை நீட்டினார். "ரெடியா சார்? நேரலை. நடுவுல நிறுத்த முடியாது."

"எதுக்கு சார் இந்த வம்பு? பதிவு பண்ணி, வெட்டி ஒட்டிப் போட வேண்டியதுதானே?"

"நேரலைன்னாதான் வருவோம்னு உங்க வீட்டம்மாதானே சார் ஒத்தைக்கால்ல நின்னாங்க?"

மேனேஜர் மெதுவாகத் திரும்பினார். மனைவி புடவைத் தலைப்பைச் சரிசெய்தாள்.

"பதிவு பண்ணா அவங்க இஷ்டத்துக்கு வெட்டுவாங்க. உங்களைப் பத்திச் சொல்றதைத்தான் முதல்ல வெட்டுவாங்க."

அதில் நியாயம் இருந்தது. "அது சரி. ஆனா இவன் ஏடாகூடமா எதையாவது..."

"அவன் என்ன சொன்னாலும் என் வாய் வழியாத்தானே வெளியே வரணும்?"

மேனேஜரின் முகம் மலர்ந்தது. கல்யாணத்தன்றே அக்காவோடு சீதனம் மாதிரி வந்து சேர்ந்த பையன் இவன். ஒரே வீட்டில் இத்தனை வருஷம். சைகை மொழியில் 'சாப்பிடு', 'வாசி' இரண்டும் மேனேஜருக்குத் தெரியும். அதற்கு மேல் தேவைப்பட்டதில்லை.

கடிகாரம் பார்க்கக் கையை உயர்த்தினார். மச்சினனின் தலை சட்டென்று ஒரு பக்கம் சாய்ந்தது. பவுடர் காதில் அப்பியது.

"கூச்ச சுபாவம்" என்று ஒப்பனைக்காரரிடம் சிரித்தார் மேனேஜர்.

மனைவி தம்பியின் எதிரே குனிந்து விரல்களால் ஏதோ சொன்னாள்.

"என்னடி சொன்னே?"

"பயப்படாம எல்லாத்தையும் சொல்லுடான்னேன்."

அரங்கத்தில் அவன் வாசித்து முடித்தபோது கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. முதல் வரிசையில் மேனேஜர் கால்மேல் கால் போட்டுக்கொண்டார்.

தொகுப்பாளினி கண்களை அகலமாக்கிக் கேட்டாள். "தம்பி, உங்களுக்கு எப்படிக் காது கேட்காம போச்சு?"

அக்கா கேள்வியைச் சைகையில் சொன்னாள். மச்சினனின் கைகள் எழுந்தன. விரல்கள் மடங்கின, விரிந்தன, காற்றில் முட்டி மோதின. கேமரா நெருங்கி வந்தது. நிறுத்தவே மாட்டான் போலிருந்தது.

"அஞ்சு வயசுல கடுமையான காய்ச்சல்" என்றாள் அக்கா.

"இவ்வளவு நேரம் சொன்னாரே, இவ்வளவுதானா?"

"அவன் எதையும் சுத்தி வளைச்சுத்தான் சொல்லுவான்."

அரங்கம் சிரித்தது. மேனேஜரும் சிரித்தார். அவன் மட்டும் அழுதுகொண்டிருந்தான். ஒத்திகையில் வராத கண்ணீர். பிழைக்கத் தெரிந்த பயல்தான்!

அடுத்த கேள்விக்கும் கைகள் நெடுநேரம் பேசின. கடைசியில் விரல் நேராக மேனேஜரைக் காட்டியது. கேமரா அவர் பக்கம் திரும்பியது.

"எங்க வீட்டுக்காரர் இல்லைன்னா அவனே இல்லையாம்" என்றாள் அக்கா.

மேனேஜர் எழுந்து நின்று கும்பிட்டார்.

நிகழ்ச்சி முடிந்து, காபி குடித்து, எல்லோரோடும் போட்டோ எடுத்துக்கொண்டு வரவேற்பறைக்கு வந்தபோது அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே பெரிய கூட்டம். ஆச்சரியம், ஒரு சத்தம் இல்லை.

"பார்த்தியா, அதுக்குள்ள ரசிகர் பட்டாளம்!"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பெண் இன்ஸ்பெக்டரும், கண்ணாடி போட்ட ஒரு பெண்மணியும் உள்ளே வந்தார்கள்.

"நீங்கதான் மேனேஜரா?"

"ஆமாங்க. தம்பியோட கையெழுத்து வேணுமா?"

கண்ணாடிக்காரப் பெண்மணி முன்னே வந்தாள். "என்னை மறந்துட்டீங்களா சார்? படிச்சு என்ன கிழிக்கப் போறான்னு இவனைப் பாதியில நிறுத்தினீங்களே, அந்தக் காது கேளாதோர் பள்ளிக்கூடத்து டீச்சர். வெளியே நிக்கறது இவனோட படிச்ச பிள்ளைங்க. டி.வி. பார்த்துட்டு நேரா ஸ்டேஷனுக்கு ஓடினோம்."

"பாராட்டவா?"

டீச்சர் கைகளால் சைகை செய்துகொண்டே சொன்னாள். "அஞ்சு வயசுல அத்தான் என் தலையைப் பிடிச்சு சுவத்துல மோதினார். அதுலதான் ரெண்டு காதும் போச்சு. இப்பவும் வாசிச்சு முடிச்சதும் அறையில போட்டுப் பூட்டறார். தடுத்தா அக்காவுக்கும் அடி. தயவு செஞ்சு இன்னிக்கு எங்களை அந்த வீட்டுக்குத் திரும்பப் போக விடாதீங்க." டீச்சர் பையனைச் சுட்டிக்காட்டினாள். "நேரலையில இவன் சொன்னது இதைத்தான்."

மேனேஜர் மனைவி பக்கம் திரும்பினார். பழக்கத்தில் கை உயர்ந்தது. பாதியிலேயே இன்ஸ்பெக்டர் அதைப் பிடித்துக்கொண்டார்.

"ஏய், நீ காய்ச்சல்னுதானேடி சொன்னே?"

தம்பியைத் தன் முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டே அவள் சொன்னாள். "ஆமாங்க. காது கேக்கறவங்களுக்கு நீங்க சொல்லச் சொன்னதைச் சொன்னேன். கேக்காதவங்களுக்கு அவனே சொல்லிக்கிட்டான்."